பெரியப்பாட கூத்துப் பாட்டை வீட்டில பதியணும், என்ன வாங்குறது?

களுவாஞ்சிகுடியாள்:
வணக்கம். என்ட பெரியப்பா வடமோடிக் கூத்து பழக்குற அண்ணாவியார். எழுபது வயசு தாண்டிட்டு, ஆனா குரல் இன்னும் கணீரெண்டு இருக்கு. அவர்ட வரவுப் பாட்டுகளையும் (பாத்திரம் மேடைக்கு வரக்குள்ள பாடுறது) தருக்களையும் (கூத்துக்குள்ள வாற பாட்டுகள்) மத்தளத்தோட சேர்த்துப் பதிஞ்சு வைக்கணும். போன்ல பதிஞ்சு பாத்தன். மத்தளம் விழுற இடமெல்லாம் சத்தம் கிழியுது, பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது. சீற் போட்ட வீடு, சிமெந்துச் சுவர். 4 ஜிபி ரெம் உள்ள பழைய லப்டொப் ஒண்டு இருக்கு. யூஎஸ்பி மைக் வாங்குறதா, இன்டர்பேஸும் (மைக்கை லப்டொப்போட இணைக்கிற பெட்டி) மைக்கும் தனித்தனியா வாங்குறதா? எனக்கு இதெல்லாம் புதுசு.

கல்லடியான்:
தங்கச்சி, முதல்ல ஒண்டும் வாங்காதீங்க. கிணத்துச் சத்தம் போன்ட குற்றமில்ல, அறைட குற்றம். எவ்வளவு விலை மைக் வாங்கினாலும் அந்தச் சுவர் கூடவே வரும். சாமான் கூடக் கிடக்கிற அறையாப் பாருங்க: கட்டில், மெத்தை, உடுப்புத் தொங்குற கொடி. பெரியப்பாவ இருத்தி, அவர்ட முதுகுக்குப் பின்னால ரெண்டு மெத்தைய நிமித்தி வைங்க. முன்னால வைக்கிறதால பெரிசாப் பயனில்ல. கார்டியொய்ட் மைக் தனக்கு முன்னால இருக்கிறதத்தான் கேக்கும். முன்னால இருக்கிறது பாடுற ஆளும், அவருக்குப் பின்னால இருக்கிற சுவரும்தான். ஃபேன், பிரிஜ் ரெண்டையும் நிப்பாட்டுங்க. சீற் கூரை எண்டதால மழை நாள் சரிவராது.

அதுக்குப் பிறகும் காசு செலவழிக்க மனமிருந்தா, ரெண்டு மைக் குத்துற இன்டர்பேஸ் வாங்குங்க. யூஎஸ்பி மைக் ஒண்டில குரலும் மத்தளமும் ஒரே தடத்தில விழும், மறுகா பிரிக்க ஏலா. ரெண்டு தடமெண்டா குரலைக் கூட்டி மத்தளத்தைக் குறைக்கலாம். குரலுக்கு கொண்டென்சர் வேணாம், டைனமிக் மைக் போதும். ஷூர் எஸ்எம்58 போல ஒண்டு. கொண்டென்சருக்கு 48 வோல்ட் குடுக்கணும், அது வெளியால போற மோட்டச் சைக்கிளையும் சேர்த்துப் பிடிச்சுத் தரும். கூத்துக் களரியில மைக் இல்லாம கடைசி ஆளுக்கும் கேக்கப் பாடின தொண்டை அது. மைக்கில இருந்து ஒரு சாண் தள்ளி வைச்சாலும் நிறைஞ்சு விழும். மத்தளக்காரர் மற்ற மைக்கோட நாலடி தள்ளி இருக்கட்டும். பெரியப்பா சல்லரி (கைத்தாளம்) பிடிச்சுத்தான் பாடுவாரெண்டா, கைய மடிக்குக் கீழ வைக்கச் சொல்லுங்க. அந்தத் தகட்டுச் சத்தம் குரல் மைக்குக்குள்ள ஏறினா, பிறகு எடுக்கிறது வலு கஷ்டம்.

சத்தம் கிழியுறதுக்குக் காரணம் லெவல். ஆகவும் உரத்துப் பாடுற வரவை முதல்ல பாடச் சொல்லி, மீற்றர் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுத்தி நிக்கிற மாதிரி கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகி) திருப்புங்க. சைபரைத் தொட விடவே கூடாது. 24 பிட்டில பதிஞ்சா, குறைஞ்ச லெவலைப் பிறகு கூட்டலாம். கிழிஞ்சதைத் தைக்க ஏலா.

சொஃப்ட்வெயாருக்கு ஓடாசிட்டி சும்மாவே கிடைக்கும். நான் ரீப்பரைத்தான் சொல்லுவன். பழைய லப்டொப்பிலயும் இலேசா ஓடும், 60 நாள் முழுசாப் பாவிச்சுப் பாக்கலாம். ஒண்டு மட்டும் கெஞ்சிக் கேக்கிறன். டிக் டிக் எண்டு தாளம் தட்டுற மெட்ரோனோம் போட்டு அவரைப் பாட வைக்காதீங்க. கூத்தில தாளம் ஆட்டத்தோட ஏறி இறங்கும். பெட்டிக்குள்ள அடைச்சா அது கூத்தில்ல.

அக்கரைப்பற்று ராத்தா:
தங்கச்சி, எங்கட உம்மாட கவிகள இப்பிடித்தான் பதிஞ்சு வெச்சிரிக்கன். லப்டொப் சார்ஜரில இரிக்கக்குள்ள "ம்ம்ம்" எண்டு ஒரு இரைச்சல் வந்தா, வயரக் கழட்டிட்டு பெட்டரில ஓட உடுங்க. இரைச்சல் எடுக்கிற பில்டரக் கூடப் போடாதீங்க. கவிய இழுத்து முடிக்கக்குள்ள உம்மா உடுற மூச்சையும் சேத்து அது அழிச்சிரும். மத்தது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால எந்தக் கூத்து, ஆர்ட வரவு, ஆர்க்கிட்டப் படிச்ச எண்டு பெரியப்பாவே வாயால சொல்லட்டும். பேப்பரில எழுதினா துலைஞ்சிரும்.

களுவாஞ்சிகுடியாள்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்தா சொன்னதைக் கட்டாயம் செய்வன். பெரியப்பா காதில ஒண்டும் மாட்ட மாட்டாராம். பிற்பாட்டுக்காரர் ரெண்டு பேரும் வாறாங்க. பிற்பாட்டைப் பிறகு தனியாப் பதியலாமா?

கல்லடியான்:
தனியா வேணாம். அவர் விட்ட இடத்தில மற்றவங்க எடுக்கிறதுதான் பாட்டு. ஒரே நேரத்தில பாடட்டும். அவங்களை மத்தளப் பக்கம் இருத்துங்க, அந்த மைக்கே பிடிக்கும். அப்ப ஆருக்கும் ஹெட்போன் தேவையில்ல, சத்தம் பிந்திக் கேக்கிற லேட்டன்சித் தொல்லையும் இல்ல. காதை மூடுற ஹெட்போன் ஒண்டை நீங்க மட்டும் போட்டுக் கேளுங்க. வேவ் ஃபைலா வைங்க. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில ரெண்டு தடம் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவு வரும். அண்டைக்கே இன்னொரு டிஸ்க்கிலயும் கொப்பி எடுங்க. எம்பி3 ஆக்கிறது வட்ஸ்அப்பில அனுப்பக்குள்ள மட்டும்.