மலர்ப் பள்ளத்தாக்குக்கும் அன்னபூர்ணாவுக்கும் ஒரே ட்ரெக்கிங் ஷூ போதுமா?

கோவைக்காரன்

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்டில் நாலு பேராக உத்தராகண்ட் போகிறோம், மலர்ப் பள்ளத்தாக்கும் ஹேமகுண்ட் ஏரியும். பெரிய பைகள் நாங்கள் தங்கும் காங்கரியா ஊர் வரை கோவேறு கழுதையில் வந்துவிடும், என் முதுகில் ஐந்தாறு கிலோ இருந்தால் அதிகம். அடுத்த ஏப்ரலில் நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப். அதற்குப் போர்ட்டர் வைக்கப் போவதில்லை, எல்லாம் என் முதுகில்தான், எதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 13 கிலோவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நடுவில் மழைக்காலத்தில் மூணாறு, வால்பாறை பக்கம் சனி ஞாயிறு நடைகளும் உண்டு.

இதுவரை வெள்ளியங்கிரிக்கு நாலு முறை வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன், மற்ற இடங்களுக்கெல்லாம் ஓடுவதற்கு வாங்கிய ஷூதான். கடையில் கேட்டால் "வாட்டர்ப்ரூஃப் எடுத்துக்குங்க சார், எல்லாத்துக்கும் ஆகும்" என்கிறார்கள். உண்மையிலேயே ஒரு ஜோடி மூன்று இடத்துக்கும் ஆகுமா? கணுக்காலை மூடியதாகத்தான் வாங்க வேண்டுமா? 10,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

அட்டைக்கடி

இமயத்துக்கும் மூணாறு மழைக்கும் ஒரே ஷூ ஆகாது. இதைச் சொல்ல எனக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று.

வாட்டர்ப்ரூஃப் ஷூ என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் கோர்டெக்ஸ் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு, கால் உறை போலத் தைத்து வைத்திருப்பார்கள். அதன் துளைகள் நீர்த்துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியவை என்பதால் வெளியே இருந்து தண்ணீர் வராது, ஆனால் வியர்வை ஆவியாக இருக்கும்போது வெளியேறிவிடும். ஆவியை வெளியே தள்ளுவது உள்ளே வெளியே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியுமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். மூணாறில் ஜூலை மாதம் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது ஆவி எங்கே போகும்? உள்ளேயேதான் நிற்கும், காலையில் போட்ட சாக்ஸ் மதியம் சொதசொதவென்று ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மேலிருந்து வரும் தண்ணீர். முழங்கால் உயரப் புல்லுக்குள் நடக்கும்போது பேண்ட் நனைந்து, பேண்டிலிருந்து சாக்ஸுக்கு இறங்கி, சாக்ஸ் வழியாக ஷூவுக்குள் போகும். ஓடை கடக்கும்போது ஒரு அடி ஆழமாக வைத்தால் முடிந்தது. உள்ளே வராமல் தடுக்கிற அதே சவ்வு உள்ளே வந்ததை வெளியே விடாது. மூணாறில் ஒருமுறை ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது டம்ளரில் இருந்து ஊற்றுவதுபோல் தண்ணீர் கொட்டியது, கூடவே இரண்டு அட்டை. இரண்டு நாள் அந்த ஷூ காயவே இல்லை. கூட வந்த நண்பர் வலைத்துணி ஷூ போட்டிருந்தார். அவருக்கும் முழுக்க நனைந்ததுதான், ஆனால் ஓடையை விட்டு ஏறி அரை மணி நேரம் நடந்ததும் தண்ணீரெல்லாம் தானாக வடிந்துவிட்டது.

அதனால் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்கு சவ்வு இல்லாத, அடியில் பற்கள் ஆழமான டிரெயில் ஷூவும் (மலைப்பாதையில் ஓடுவதற்கான லேசான ஷூ) அட்டை ஏறாமல் தடுக்கும் முழங்கால் உயர சாக்ஸும் போதும். நனையும் என்று ஒத்துக்கொண்டு, சீக்கிரம் காய்வதாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

மலர்ப் பள்ளத்தாக்கு வேறு கதை. அங்கேயும் ஆகஸ்டில் நாள் முழுக்கத் தூறும், ஆனால் குளிர் உண்டு, பாதை போட்டிருக்கிறார்கள், புல்லுக்குள் புகுந்து போக வேண்டியதில்லை. ஹேமகுண்ட் 4,000 மீட்டருக்கு மேல், அங்கே கால் நனைந்து நின்றால் விரல் மரத்துவிடும். அங்கே சவ்வுள்ள ஷூ கட்டாயம் வாங்குங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், மழை பேண்டை ஷூவுக்கு மேலே விழும்படி போட வேண்டும். பலர் பேண்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடக்கிறார்கள், கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து வீட்டுக்குள் விடுவது மாதிரி அது.

பாரம் சுமப்பவன்

மேலே அண்ணன் தண்ணீரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் சுமையைப் பற்றிச் சொல்கிறேன். படப்பிடிப்புக் குழுக்களோடு கேமரா சாமான் தூக்கி நடப்பதுதான் என் வேலை, பெரும்பாலும் 16, 18 கிலோ இருக்கும்.

முதுகில் ஆறு கிலோ இருக்கும்போது ஷூ மெத்தென்று இருந்தால் சுகம். 13 கிலோ ஏறியதும் அதே மெத்தை எதிரியாகிவிடும். கூர்மையான கல்லை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அடிப்பாகம் அந்தக் கல்லின் உருவத்துக்கு வளையும், அந்த வளைவைச் சமாளிப்பது உங்கள் பாதத்துச் சதை. முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கிக் காலை ஊன்றும்போதுதான் தெரியும்.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கையில் குதிகால் பக்கமும் மறு கையில் மூக்குப் பக்கமும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் அது சின்ன பைக்கு மட்டும்தான். அப்புறம் மூக்கைத் தரையில் வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள், விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் உள்ளே ஷாங்க் என்கிற பட்டை இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. உங்கள் சுமைக்கு ஓரளவு விறைப்பு போதும், பலகை மாதிரி அசையாத மலையேற்ற பூட்ஸ் வேண்டாம். அது பனியில் கிராம்பான் என்ற இரும்பு முள் சட்டத்தை ஷூவில் மாட்டி ஏறுபவர்களுக்கானது, அன்னபூர்ணா கல் படிகளில் அதைப் போட்டு இறங்கினால் முழங்கால் போய்விடும்.

எடையையும் பாருங்கள். காலில் கூடும் ஒரு கிலோ முதுகில் கூடும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று மலையேறுபவர்கள் சொல்வது நடந்து பார்த்தவருக்கு நன்றாகவே புரியும், ஏனென்றால் முதுகுச் சுமை அப்படியே இருக்கிறது, கால் சுமையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கிப் போடுகிறீர்கள். ஒரு ஷூ 500 முதல் 600 கிராம் என்றால் உங்கள் வேலைக்குச் சரி.

கணுக்கால் உயரம் பற்றிக் கேட்டீர்கள். உயரமாக இருந்தால் மட்டும் சுளுக்காது என்று நம்ப வேண்டாம். குதிகால் உள்ளே ஆடாமல் இருப்பதும் அடிப்பாகம் அகலமாக இருப்பதும்தான் முக்கியம். ஆனாலும் நான் உயரமானதையே சொல்வேன். ஏப்ரலில் அன்னபூர்ணா வழியில் உள்ள மச்சபுச்சரே பேஸ் கேம்ப்புக்கு மேலே பனி கிடக்க வாய்ப்பு உண்டு, கல்லும் பனியும் உள்ளே விழாது, கணுக்கால் எலும்பில் கல் இடிக்காது.

அடிரப்பர் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றுக்கு ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் நல்லது, சேறு ஒட்டாமல் உதிரும். ஈரக் கல்லுக்குப் பற்களை விட ரப்பரின் குணம்தான் முக்கியம். காங்கரியா பாதை முழுக்கக் கல், அதன்மேல் மழை, அதன்மேல் கழுதைச் சாணம். கடினமான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அந்தக் கல்லில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழும் ரப்பராகப் பாருங்கள். அடிப்பாகத்தில் விப்ரம் என்ற நிறுவனத்தின் மஞ்சள் முத்திரை இருந்தாலே ஒட்டும் என்று நினைக்காதீர்கள், அந்த நிறுவனமே பல வகை ரப்பர் செய்கிறது, ஈரத்துக்கு மெகாகிரிப் என்ற வகை நல்லது. 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, அவர்கள் காலில் இருந்த ஷூ சரியில்லை என்ற வேதனையில் 1937-இல் கொண்டுவந்ததுதான் விப்ரம் அடிப்பாகம். அவருடைய முதல் பெயரின் தொடக்கமும் குடும்பப் பெயரின் தொடக்கமும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

கோவைக்காரன்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மழை நடைக்குத் தனியாகச் சாதாரண டிரெயில் ஷூ, இமயத்துக்கு சவ்வுள்ள உயர ஷூ என்று முடிவு செய்துவிட்டேன். நேற்று இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு ஜோடி முறுக்குச் சோதனையில் தேறியது, நின்றால் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் கடையில் இருந்த சாய்வுப் பலகையில் இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கிறது. போகப் போக இளகிவிடும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஒரு நல்ல பெயருள்ள ஷூ பாதி விலைக்குக் கிடைக்கிறது, பழைய ஸ்டாக்காம். எடுக்கலாமா?

வேளச்சேரி அக்கா

தம்பி, இரண்டையும் எடுக்காதீர்கள்.

முதலில் இடிக்கிற ஷூ. பக்கவாட்டில் இளகும், நீளத்தில் இளகவே இளகாது. அன்னபூர்ணாவில் ஏற்றத்தை விட இறக்கம்தான் விரலைக் கொல்லும், வழியில் சோம்ரோங் என்ற ஊரிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளில் ஆயிரக்கணக்கான முறை அந்தக் கட்டைவிரல் இடிபடும், ஊர் திரும்பும்போது நகம் கறுத்திருக்கும். எனக்கு இரண்டு நகம் போய், முழுசாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகும் அதே தடித்த கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டுபோய் அதோடு போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். வழக்கமான அளவை விட அரை அல்லது ஒரு அளவு பெரிதாகத்தான் வரும். முடிந்தால் அந்த 13 கிலோ பையை மாட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள், சுமை ஏறியதும் பாதம் விரியும்.

இன்னொன்று, நம்மைப் போல செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களுக்குப் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். வெள்ளியங்கிரியை வெறுங்காலோடு ஏறும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மூக்கு குறுகலான ஷூவை நீளத்தில் பெரிதாக எடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், குதிகால் தூக்கிக்கொண்டு கொப்புளம் வரும். அகலமான அச்சில் செய்த ஷூவைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அந்தப் பழைய ஸ்டாக். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நான் நல்ல விலை கொடுத்து ஒரு ஜோடி வாங்கி, மூன்று மலை போய்விட்டு, பிள்ளை பிறந்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பரணில் போட்டேன். ஆறு வருடம் கழித்து எடுத்தபோது மேலே ஒரு கீறல்கூட இல்லை. நடையின் இரண்டாம் நாள் வலது ஷூவின் அடிப்பாகம் முதலை வாயைப் பிளந்ததுபோல் முன்னாலிருந்து பிரிந்தது, மதியத்துக்குள் இடதும் போயிற்று. நடுவில் இருந்த நுரை கையில் எடுத்தால் பழைய ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. துணி உலர்த்தும் கயிற்றை வெட்டிக் கட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் இறங்கினேன். இறக்கம் முழுக்கக் கண்ணில் தண்ணீர்.

அந்த நுரை பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும் உடையும், சும்மா வைத்திருந்தால் இன்னும் மோசம் என்கிறார்கள். சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில் வேகமாக நடக்கும். சுமைக்கு நல்லது என்று விறைப்பான ஷூக்களில் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்த வியாதி இல்லை, ஆனால் அது நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகிவிடும். ஆகவே ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதம் பாருங்கள், நாலைந்து வருடப் பழசு என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு பெட்டிக்குள் அடைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அவ்வப்போது போட்டு நடங்கள்.

கோவைக்காரன்

அக்கா, நல்ல வேளை கேட்டேன். அந்தப் பாதி விலை ஷூவின் சீட்டை இன்று போய்ப் பார்த்தேன், ஐந்து வருடம் முந்தையது. விட்டுவிட்டு, இன்னொரு கடையில் ஒரு அளவு பெரிதாக, முன்பக்கம் அகலமான ஒன்றை 9,200-க்கு எடுத்தேன். சாய்வில் இடிக்கவில்லை. காங்கரியாவில் தினமும் நனைந்து வந்தால் ராத்திரிக்குள் எப்படிக் காயவைப்பது? தாபா அடுப்புப் பக்கம் வைக்கலாமா?

அட்டைக்கடி

அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், பசை விட்டுவிடும், தோல் வெடிக்கும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை (பாதத்துக்கு அடியில் வரும் மெத்தையை) உருவித் தனியாக வைத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி மூக்கு வரை திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் ஈரமாகிவிடும், மாற்றித் திணியுங்கள், படுக்கும் முன் இன்னொரு முறை. கோவையிலிருந்தே ஒரு வாரப் பேப்பரை எடுத்துப் போங்கள், அங்கே கிடைக்காது. தண்ணீர் மேல்துணியில் முத்து முத்தாக நிற்காமல் ஊற ஆரம்பித்தால் நீர் விலக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், சவ்வு கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஆகஸ்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இன்றைக்கே போட்டுக்கொண்டு பால் வாங்கப் போய் வாருங்கள்.