புதுப்பிப்பு: பல்பு இல்லாமல் குஞ்சுகளுக்குச் சூடு

அணைக்கட்டு பக்கம் கரண்ட் இல்லாத கொல்லையில், தாயில்லாக் கோழிக்குஞ்சுகளை மார்கழிக் குளிரில் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருந்தேன். தேறிவிட்டன, இறக்கை முளைத்து எருக்குழியைக் கிளறுகின்றன.

வெந்நீர் பாட்டில் யோசனைதான் கைகொடுத்தது. அட்டைப்பெட்டியில் உமியைக் கனமாகப் பரப்பி, பாட்டிலைப் பழைய லுங்கியில் சுற்றி ஓரமாக வைத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நடுவிலும் வைக்கக் கூடாது. சூடு கூடினால் குஞ்சு ஒதுங்க இடம் வேண்டும். முதல் வாரம் அந்த மூலை 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா, பரவாயில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்; வாயைத் திறந்து இரைத்தபடி விலகினால் சூடு அதிகம். நடுச்சாமத்தில் எழுந்து தண்ணீர் மாற்றுவதுதான் ரோதனை.

சட்டியில் கரி நெருப்பு வைக்கச் சொன்ன அண்ணனுக்கு: மூடிய அறையில் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

அடைக்கோழி கிடைத்தால் இந்தப் பாடே இல்லை. இருட்டியபின் அதன் வயிற்றுக்கடியில் குஞ்சுகளைச் சத்தமில்லாமல் நுழைத்துவிடுங்கள். விடிந்ததும் கொத்துகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.