500 ஜிபி இமேஜ் 240 ஜிபி எஸ்எஸ்டியில் இறங்குமா?

கும்பகோணத்தார்:
புதிதாக விண்டோஸ் நிறுவி, தமிழ் எழுத்துருக்களும் பிரிண்டர் டிரைவர்களும் ஏற்றி முடித்த கணினிக்குக் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் ஒன்றே போதும், அதில் எடுத்த இமேஜை (வட்டின் முழுப் படியை) எந்த வட்டிலும் இறக்கிக்கொள்ளலாம் என்று மன்னார்குடி நண்பர் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருந்த வாரத்தில் என் அச்சகக் கணினியின் 500 ஜிபி வட்டு செத்தது. இமேஜை 240 ஜிபி எஸ்எஸ்டி என்னும் புதுவகை வட்டில் இறக்கப் போனேன். விண்டோஸும் எழுத்துருக்களும் சேர்ந்து 38 ஜிபிதான். ஆனாலும் இலக்கு வட்டு சிறியது என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சொல்லி நின்றுவிட்டது.

மன்னார்குடியார்:
குளோன்சில்லாவுக்குள் இருக்கும் பார்ட்குளோன் என்ற நிரல் பயன்பட்ட பகுதியை மட்டுமே படியெடுக்கிறது. ஆனால் பார்ட்டிஷனின் (வட்டுப் பிரிவின்) அளவு மாறாது, அதனால் முதலில் ஜிபார்ட்டட் என்ற கருவியில் பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு இமேஜ் எடுக்க வேண்டும். பிறகு குளோன்சில்லாவின் நிபுணர் முறையில் ‘ஐசிடிஎஸ்’ தெரிவைப் போட்டால் வட்டின் அளவைச் சோதிக்காமல் இறக்கும். படித்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

கும்பகோணத்தார்:
செத்த வட்டில் எதைச் சுருக்குவது? எந்த வட்டிலும் இறங்கும் என்றுதான் நீங்கள் எழுதினீர்கள்.

திருவையாற்றார்:
இலவச மென்பொருள் என்று எதைச் சொல்கிறீர்கள், காசு கேட்காததையா, கட்டற்ற உரிமம் கொண்டதையா? அதை முடிவு செய்யாமல் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாகையார்:
கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு ரெஸ்கியூசில்லா என்ற மென்பொருள் இருக்கிறது. சுட்டியால் இயக்கலாம், குளோன்சில்லா இமேஜையும் அது திறக்கும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற இன்னொரு மென்பொருளின் இலவசப் பதிப்பு சிறிய வட்டிலும் இறக்கித் தந்தது. அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1 அன்று முடிந்துபோனது.

கும்பகோணத்தார்:
சுட்டியால் அழுத்தினாலும் 500 ஜிபி பார்ட்டிஷன் 240 ஜிபிக்குள் அடங்காது. மன்னார்குடியார் பேச்சை நம்பி நான் கெடுவது இது முதல் முறையும் அல்ல. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் டைம்ஷிஃப்ட் என்ற காப்பு மென்பொருள் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றார். சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவை அது இயல்பாகவே விட்டுவிடுகிறது என்பதை வாடிக்கையாளர்களின் வடிவமைப்புகளை இழந்த பிறகுதான் அறிந்தேன்.

மன்னார்குடியார்:
டைம்ஷிஃப்ட் இயங்குதளத்துக்கானது, சொந்தக் கோப்புகளுக்கு அன்று என்று அப்போதே சொன்னேன். என் கடையில் சிறிய வட்டுக்கு மாற்றிய கணினிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கும்பகோணத்தார்:
அப்போது நீங்கள் அதைச் சொல்லவில்லை. உங்கள் கடையில் பழைய வட்டு உயிரோடு இருந்தது, அதனால் சுருக்க முடிந்தது. விண்டோஸின் வட்டு மேலாண்மையில் சுருக்கினாலோ நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்துகொண்டு வழிவிட மறுக்கிறது.

மன்னார்குடியார்:
அதற்காகத்தான் ஜிபார்ட்டட் என்றேன். சுருக்கிய பிறகு எடுத்த இமேஜ் 240 ஜிபியில் இறங்கும், இறங்கும், இறங்கும்.

கும்பகோணத்தார்:
‘சுருக்கிய பிறகு’ என்ற சொல் நேற்றைய உங்கள் பதிவில் எந்த வரியில் இருக்கிறது?