தாத்தாவின் 1928 பாஸ்போர்ட்: ரங்கூன் முத்திரை ஏன் இல்லை?

குகை_பேரன் (கேள்வி):

வணக்கம். சேலம் குகைப் பகுதியில் எங்கள் பழைய வீட்டை இடிக்கப் போகிறோம். பரணை ஒழித்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய பாஸ்போர்ட் கிடைத்தது. கருநீல அட்டை, நடுவில் ராஜ சின்னம், மேலே ‘பிரிட்டிஷ் இந்தியன் பாஸ்போர்ட்’, கீழே ‘இந்தியன் எம்பயர்’. 1928இல் மதராஸில் கொடுத்தது. தொழில்: வியாபாரி. உயரம் ஐந்தடி நாலங்குலம். அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. தலைப்பாகை, கழுத்து மூடிய கோட்டு என்று படம். அச்செழுத்தெல்லாம் இங்கிலீஷும் பிரெஞ்சும். அதற்கு நடுவே தாத்தாவின் கையெழுத்து மட்டும் தமிழில், புள்ளிகூட விடாமல் நிறுத்தி நிதானமாகப் போட்டிருக்கிறார்.

கைலி வியாபாரத்துக்காகக் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, மேடான் எல்லாம் போனவர் என்று பாட்டி சொல்வார். பாஸ்போர்ட்டிலோ டச்சுக்காரர் விசா ஒன்றும், மேடானின் பெலவான் துறைமுக முத்திரையும்தான் இருக்கின்றன. மற்ற பக்கங்கள் காலி. ‘ரங்கூன் எல்லாம் பாட்டி கட்டின கதை’ என்கிறார் அண்ணன். பாட்டி அப்படிப் பேசுகிறவர் இல்லை. இதை எப்படிச் சரிபார்ப்பது? பிரெஞ்சு எதற்கு, பாண்டிச்சேரி போனாரா? காகிதம் உதிர்கிறது, லேமினேட் செய்யலாமா?

அம்மாப்பேட்டை_பழையதாள்:

தம்பி, முதலில் கடைசிக் கேள்வி. லேமினேட் செய்யவே செய்யாதீங்க, செல்லோ டேப்பும் ஒட்டாதீங்க. சூடும் பசையும் அந்தத் தாளைத் தின்றுவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் போட்டு வையுங்க.

பாட்டி சொன்னதை அந்த முத்திரைகளை வைத்துப் பொய் என்று சொல்ல முடியாது. ரங்கூன் அன்றைக்கு வெளிநாடே இல்லை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பம்பாய் போகிற மாதிரி கப்பலேறிப் போய்வந்தார்கள், சட்டப்படி உள்நாட்டுப் பயணம். அங்கே யார் முத்திரை குத்துவார்கள்?

கொழும்புக்கு ரயிலில் தனுஷ்கோடி வரை போய், தலைமன்னாருக்குக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு அதுதான் வழி. சாதாரண ஜனங்கள் அந்த வழியில் பயந்தது மண்டபம் முகாமின் நோய்ச் சோதனைக்குத்தான். பினாங்குக்குக் கப்பலின் மேல்தளத்தில் போன டெக் பயணிகளுக்கும் அப்படித்தான், ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். ஆனால் இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சிதான், பிரிட்டிஷ் பிரஜைக்கு அங்கே விசா தேவையில்லை. மேடான் இருக்கிற சுமத்ரா டச்சுக்காரர் ஆட்சி. சாம்ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டினது அங்கே மட்டும்தான், அதனால்தான் அங்கே மட்டும் விசா.

அந்த விசாப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. கட்டணத் தலை ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தில் கையால் ஊர்ப்பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள். எந்த ஊர் கான்சல் கொடுத்தார் என்று தெரிந்துவிடும்.

பிரெஞ்சுக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. முதல் போருக்கு முன்னால் பாஸ்போர்ட் இல்லாமலே பெரும்பாலானவர்கள் கடல் தாண்டினார்கள். போரில் வந்த கெடுபிடி அப்படியே தங்கிவிட்டது. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது 1920இல். அதே வருஷம் அக்டோபரில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி 32 பக்கப் புத்தகம், குறைந்தது இரண்டு மொழி, அதில் ஒன்று பிரெஞ்சு என்று பரிந்துரைத்தது. குகைக்காரர் கையில் பிரெஞ்சு வந்தது அப்படித்தான்.

ஏற்காடு_மேகலா:

குடும்பப் பக்கத்தையும் பாருங்க அண்ணா. ஏற்காட்டில் என் அப்பா எஸ்டேட் கணக்குப்பிள்ளையாக இருந்தார். துரை வீட்டம்மாவுக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை, துரையின் புத்தகத்திலேயே படமும் பெயரும், குழந்தைகளுக்குப் பெயரும் வயதும். அவர் இல்லாமல் அந்த அம்மா அதை வைத்துத் தனியாகக் கப்பலேற முடியாது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. உங்கள் பாட்டி பெயர் அங்கே இருக்கிறதா?

குகை_பேரன்:

மேகலா, மனைவி என்ற இடத்தில் ஒரு கோடுதான் கிழித்திருக்கிறது. பாட்டி போகவே இல்லை.

அய்யா, டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டணத் தலைக்குக் கீழே மங்கின மசியில் ‘பினாங்கு’, 1929 மார்ச்! ஆக, பினாங்கில் இருந்துதான் விசா வாங்கியிருக்கிறார். அண்ணனுக்கு உடனே அனுப்பிவிட்டேன். ஒன்று மட்டும் புரியவில்லை, 1933 வரை செல்லும் பாஸ்போர்ட்டை 1929க்குப் பிறகு தொடவே இல்லையே?

அம்மாப்பேட்டை_பழையதாள்:

பினாங்கு நிச்சயம் ஆகிவிட்டது, சந்தோஷம் தம்பி. அதற்கப்புறம் என்ன ஆனது என்று அந்தக் காலத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். 1929 கடைசியில் உலகச் சந்தை விழுந்தது, ரப்பர் விலையும் கூடவே விழுந்தது. மலேயாத் தோட்டங்களில் வேலையில்லாமல் போன தமிழர்களை 1930 முதல் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். கைலி வாங்குகிற கை அங்கே இல்லை என்றால் சேலத்து வியாபாரி எதற்குக் கப்பலேறுவார்?

ரங்கூனுக்குப் பாஸ்போர்ட்டில் தேடாதீங்க. அதே டிரங்குப் பெட்டியில் மணியார்டர் துண்டு, உண்டியல் சீட்டு (வியாபாரிகள் பணம் அனுப்பிய சீட்டு), கப்பல் கம்பெனி ரசீது, ரங்கூன் தபால் முத்திரை விழுந்த கார்டு ஏதாவது இருக்கிறதா பாருங்க. கணக்கு நோட்டு இருந்தால் அதைத்தான் முதலில் பிரிக்கணும். வீடு இடிக்கிற ஆள் வருவதற்குள் பெட்டியை வெளியே எடுத்து வையுங்க.