'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பெறு' என்று மட்டும் பொருள் கொள்வது சரியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் சக ஊழியர் ஒருவருக்கு நான் தயாரித்த செலவுக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் 'ஐ டோன்ட் கெட் இட்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். 'கெட்' என்றால் பெறுதல் என்றே பள்ளி நாளிலிருந்து மனத்தில் பதிந்திருந்ததால், கோப்பு அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று எண்ணி மீண்டும் அனுப்பினேன். மீண்டும் அதே பதில் வரவே, மூன்றாம் முறையும் அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் பேசியபோதுதான், கோப்பு முதல் முறையே வந்துவிட்டது என்பதும், கணக்குப் புரியவில்லை என்பதையே அவர் எழுதியிருந்தார் என்பதும் தெரிந்தன. அகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் தரப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் இணைக்கும் அடிப்படைக் கருத்து ஏதேனும் உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

மறுமொழி 1

அடிப்படைக் கருத்து உண்டு. முன்பு இல்லாத ஒரு நிலைக்கு இப்போது வந்து சேர்வதே 'கெட்' என்பதன் உட்கரு. வந்து சேர்வது பொருளானால் பெறுதல், இடமானால் போய்ச் சேர்தல், உடல் அல்லது மன நிலையானால் ஆதல், கருத்தானால் புரிதல் என்று தமிழில் வெவ்வேறு வினைகளாகப் பிரிகிறது. 'கெட் ஹோம்' என்றால் வீடு போய்ச் சேர்தல். 'கெட் டயர்ட்' என்றால் களைத்துப் போதல். ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'ஃபர்கெட்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே வேரின் உறவுதான். கையில் இருந்ததை நழுவ விடுவதுதானே மறதி.

'ஐ டோன்ட் கெட் இட்' என்பதை நாம் அயலாக எண்ண வேண்டியதில்லை. 'அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை' என்று நாமும் சொல்கிறோம். கைக்கு அகப்படாததைப் போலவே கருத்தையும் பேசுகிறோம். அந்த வரியில் இருந்த காலமும் ஒரு குறிப்பைத் தருகிறது. அஞ்சல் வரவில்லை என்றால் பெரும்பாலும் இறந்த காலத்தில் 'ஐ டிட்ன்ட் கெட் இட்' என்றோ, 'ஐ ஹேவன்ட் காட் இட்' என்றோ எழுதுவார்கள். 'டோன்ட்' என்று நிகழ்காலத்தில் வந்தால், ஒருமுறை நிகழ்ந்த செயலைப் பற்றி அல்லாமல் இப்போதைய மனநிலையைப் பற்றிப் பேசுகிறார் என்று கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் ஒரு சொல்லில் முடித்துக்கொள்வதைத் தமிழ், முயற்சி யாருடையது என்று பார்த்துப் பிரிக்கிறது. தானாக வந்தால் 'எனக்குக் கிடைத்தது', நானே போய்க் கொண்டால் 'நான் வாங்கினேன்', பிறருக்காகப் போனால் 'எடுத்து வந்தேன்'. 'ஐ காட் எ புக்' என்ற வாக்கியம் இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். சூழலைப் பார்க்காமல் மொழிபெயர்க்கவே முடியாது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்துக்கு ஒரு திருத்தம். 'ஐ ஹேவ் காட் எ கார்' என்னும்போது மாற்றம் எதுவும் குறிக்கப்படுவதில்லை. என்னிடம் கார் இருக்கிறது என்பதே பொருள். பெற்றுவிட்டேன் என்ற பழைய பொருளே காலப்போக்கில் வைத்திருக்கிறேன் என்று ஆகிவிட்டது. இந்த இரண்டையும் அமெரிக்க ஆங்கிலம் இன்றும் பிரித்துக் காட்டுகிறது: வைத்திருப்பதற்கு 'ஹேவ் காட்', பெற்றதற்கும் ஆனதற்கும் 'ஹேவ் காட்டன்'. 'காட்டன்' பிழை என்று சிலர் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது பிழையன்று, பிரித்தானிய வழக்கில் பெரும்பாலும் உதிர்ந்துபோன பழைய வடிவம்.

செயப்பாட்டு வினையில்தான் இந்தச் சொல்லின் அருமை எனக்குப் புலப்படுகிறது. 'தி விண்டோ வாஸ் புரோக்கன்' என்றால், சன்னல் உடைந்து கிடந்தது என்றும் கொள்ளலாம், உடைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம். 'காட் புரோக்கன்' என்று சொல்லிவிட்டால் உடைந்த அந்த நிகழ்ச்சியை மட்டுமே அது குறிக்கும். 'வாஸ் மேரிட்' என்றால் திருமணமானவராக இருந்தார் என்று பொருள்படக்கூடும்; 'காட் மேரிட்' என்றால் திருமணம் நடந்தது என்பதில் ஐயமில்லை. நம் மொழியிலும் பெறு என்ற வினை இதே வேலையைச் செய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்: 'நூல் வெளியிடப்பெற்றது', 'அவர் அழைக்கப்பெற்றார்'. ஆனால் நாம் சிறப்பானவற்றுக்கே 'பெறு' சேர்த்து எழுத விரும்புகிறோம். ஆங்கிலத்திலோ பதவி உயர்வுக்கும் 'கெட்' வரும், திருட்டுக் கொடுப்பதற்கும் 'கெட்' வரும்.

மறுமொழி 3

பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். தமிழ் மாணவர்கள் தவறாமல் தடுக்கி விழும் ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். முடிதிருத்துநரிடம் போய் வந்தவரும் தமிழில் 'நான் முடி வெட்டிக்கொண்டேன்' என்றே சொல்வார். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், கத்தரிக்கோலைத் தானே கையில் எடுத்தார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதும் பல்லைப் பிடுங்கிக்கொள்வதும் இதே அமைப்பில்தான் வரும்.

மற்றொன்று, 'ஐ காட் டு சீ ஹெர்' என்பதற்கும் 'ஐ ஹேவ் காட் டு சீ ஹெர்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு. முன்னது, அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது என்ற மகிழ்ச்சி. பின்னது, அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம். விரைவான பேச்சில் 'ஹேவ்' காதில் விழாமலே போய்விடும் என்பதால், முன்னும் பின்னும் வரும் வாக்கியங்களைக் கொண்டே பொருளைத் தெளிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 'பிடிபடவில்லை' என்ற ஒரு சொல் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. இன்னும் ஓர் ஐயம்: அலுவல் கடிதங்களில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லதா?

மறுமொழி 3

முழுவதும் தவிர்க்க வேண்டியதில்லை. நெருங்கிப் பழகுபவர்களுக்கு எழுதும்போது அது இயல்பாகவே இருக்கும். விண்ணப்பம், ஒப்பந்தம் போன்றவற்றில் மட்டும் இடத்துக்கேற்ப 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்' ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு நேர்ந்தது போன்ற குழப்பம் வரக்கூடிய இடத்தில், 'காட் இட்' என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். கோப்பு வந்தது என்றும் புரிந்தது என்றும் அதற்கு இரு பொருள் உண்டு. கோப்பு வந்ததைச் சொல்ல 'ஐ ஹேவ் ரிசீவ்ட் தி ஃபைல்' என்றும், புரிந்ததைச் சொல்ல 'ஐ அண்டர்ஸ்டாண்ட் தி கால்குலேஷன்' என்றும் பிரித்து எழுதினால், எதிரில் இருப்பவர் ஒரே கோப்பை மூன்று முறை அனுப்ப நேராது.