வாழ்க்கைக்கு அர்த்தம் ஆன்மிகத்தில்தான் கிடைக்குமா?

வழிப்போக்கன்:
அப்பா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் சில மாதங்கள் வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். எதற்காக இதெல்லாம் என்று தெரியவில்லை. அப்புறம் விடியற்காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தேன். அதைப் பிரார்த்தனை என்றாலும் சரி, தியானம் என்றாலும் சரி. இன்று என் நாளுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதை ஒட்டி அவருக்குப் பெயர், பணம், குடும்பம் எல்லாம் இருந்தன. ஆனாலும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வோமோ என்ற பயத்தில், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். படித்த படிப்பு எதுவும் அவருக்கு விடை சொல்லவில்லை. உழைத்துப் பிழைக்கும் எளிய உழவர்களின் இறைநம்பிக்கைதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஆன்மிகம் இல்லாமல் தேடிக்கொள்ளும் அர்த்தம் எதுவும் பெரிய இழப்புக்கு முன் நிற்காது என்பது என் முடிவு.

கேள்விக்குறி:
உங்கள் அப்பாவின் மறைவுக்கு வருந்துகிறேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கடைசி வாக்கியத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி குணமாகாது என்று ஆனவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய மாணவர்களுக்கு ஒவ்வொரு கடிதமாகச் சொல்லச் சொல்ல, அவர் மகள் எழுதினாள். கடைசிக் கடிதம் முடிந்த மறுநாள் அமைதியாகப் போனார். ஆயுள் முழுக்கப் பக்தியோடு இருந்த இன்னொருவர், 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று கேட்டுக்கேட்டே ஓய்ந்தார். எது நின்றது, எது நிற்கவில்லை?

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் இருந்தவர். பெற்றோர், மனைவி, சகோதரர் எல்லோரையும் அந்த முகாம்களில் பறிகொடுத்தார். அவர் சொன்ன வழிகள் மூன்று: செய்யும் வேலை, வைக்கும் அன்பு, தவிர்க்கவே முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதம். இதில் எதற்கும் கடவுள் கட்டாயமில்லை. டால்ஸ்டாயோ 1910இல், 82 வயதில், இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு ரயில் நிலையத்தில் இறந்தார். கிடைத்த விடை அவருக்கு நிம்மதி தரவில்லையே?

வழிப்போக்கன்:
நிம்மதியும் அர்த்தமும் ஒன்றல்ல. நம்பிய ஒன்றுக்கும் வாழ்ந்த பண்ணையார் வாழ்க்கைக்கும் ஒத்துவரவில்லை என்றுதான் அவர் தவித்தார். அர்த்தம் இருந்ததால் வந்த தவிப்பு அது.

ஃபிராங்கல் இன்னொன்றும் சொன்னார். வாழ்க்கையிடம் நாம் அர்த்தம் கேட்பதைவிட, வாழ்க்கை நம்மிடம் கேட்கிறது, நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். கேள்வி என்று இருந்தால் கேட்பவர் யார்? நான் உட்காரும்போது என் மனம் திரும்புவது அந்தப் பக்கம்தான்.

கேள்விக்குறி:
என்னிடம் கேட்பவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இரவு மூன்று மணிக்கு 'தண்ணீர்' என்கிறாரே, அவர்தான். அவருக்கு அப்பால் இன்னொருவர் இருந்தால்தான் எழுந்து போவேன் என்று எனக்குத் தோன்றியதில்லை.

முல்லை:
இரண்டு பேரையும் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். என் குழந்தை இறந்தபோது, நான் போய்வந்த பிரார்த்தனைக் குழுவில் ஒரு பெரியவர், 'எல்லாம் முன்வினை அம்மா' என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன், ஆறு வருடம். என் குழந்தையின் சாவுக்குக் காரணம் சொல்லும் எந்த ஆன்மிகமும் இன்றுவரை எனக்கு வேண்டாம்.

ஆனால் திரும்பி வந்தேன். புத்தர் சொன்ன அம்பு உவமைதான் காரணம். விஷ அம்பு பட்டவன், 'எய்தவன் யார், எந்தக் குலம், என்ன வில்' என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால், தெரிந்துகொள்வதற்குள் செத்துப்போவான். ஏன் என்ற கேள்வியை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். விடை வரவில்லை. ஆனால் அழ முடிந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்க முடிந்தது, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

வழிப்போக்கன், ஆன்மிகம் பிடிமானம் தரும் என்று நீங்கள் உறுதி சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தன. கடவுள் பக்கத்தில் இருக்கும் உணர்வே இல்லாத வெறுமையைப் பல பத்தாண்டுகளாக அவர் சுமந்திருக்கிறார். ஆனாலும் ஒரு நாளும் வேலையை நிறுத்தவில்லை.

வழிப்போக்கன்:
முல்லை அக்கா, 'நிற்காது' என்று நான் எழுதியது தவறு. என் அனுபவத்தை எல்லோருக்கும் அளவுகோலாக்கிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

கேள்விக்குறி, இத்தனை மரணங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?

கேள்விக்குறி:
அன்று போனவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுவேன். கூடவே அவரைப் பற்றி ஒரு வரி. எழுதாமல் தூங்கமாட்டேன்.

வழிப்போக்கன்:
இதைத்தானே நான் ஆன்மிகம் என்கிறேன்!

கேள்விக்குறி:
அப்படிச் சொல்லாதீர்கள். நல்லது எதைக் கண்டாலும் ஆன்மிகம் என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும். உங்கள் உட்காரலுக்கும் அது மரியாதை ஆகாது. நீங்கள் ஒருவரை நோக்கி உட்காருகிறீர்கள். என் நோட்டை யாரும் பார்ப்பதில்லை, யாராவது பார்க்க வேண்டும் என்றும் நான் எழுதவில்லை. இரண்டும் வேறு. வேறாகவே இருக்கட்டும்.

முல்லை:
அந்த நோட்டை எப்போதாவது திரும்பிப் படிப்பீர்களா?

கேள்விக்குறி:
இல்லை அக்கா. எழுதுவதோடு சரி.