புருவப் பச்சை உரிகிறது, நிறமும் போய்விடுமா?

தாழம்பூ: புருவத்துக்கு நிரந்தர ஒப்பனை (ஊசியால் தோலில் நிறம் ஏற்றும் பச்சை) செய்துகொண்டேன். முதலில் கரியால் இழுத்ததுபோல் அடர்ந்திருந்தது. இப்போது பொருக்குக் கட்டி உரிகிறது. இடது புருவத்தின் வால்பகுதியில் நிறமே தெரியவில்லை. அரிப்பு வேறு உயிரை வாங்குகிறது. வாஸ்லினைத் தடிமனாகப் பூசினால் சீக்கிரம் ஆறுமா?

செவ்வந்தி: பூசி மெழுகாதீர்கள், அம்மா! செய்தவர் கொடுத்த களிம்பை, கை கழுவிவிட்டு, மெல்லிய படலமாகத் தொட்டு வைத்தால் போதும். பொருக்கைக் கிள்ளினால் அதோடு நிறமும் வந்துவிடும், தழும்பும் விழலாம். அரித்தால் சுத்தமான விரலால் லேசாகத் தட்டுங்கள். நிறம் வெளுத்துத் தெரிவது வழக்கம்தான். புதுத்தோல் தெளிந்த பிறகு, 4 முதல் 6 வாரங்களில் உண்மையான நிறம் தெரியும். இடைவெளி இருந்தால் மறுபூச்சில் நிரப்புவார்கள். அதுவரை கண்ணாடியை விட்டுத் தள்ளி நில்லுங்கள் (எனக்கு அது வரவே இல்லை).

கருமேகம்: முகத்துக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), அமில சீரம் போடுகிறீர்களா? புருவத்தருகே கொண்டுபோகாதீர்கள், நிறம் சீக்கிரம் மங்கும். ஆறும்வரை நீச்சல், நீராவி, வியர்க்கும் உடற்பயிற்சி வேண்டாம். சன்ஸ்கிரீன் தோல் முழுதாக ஆறிய பிறகுதான், இப்போதைக்குத் தொப்பி.

தாழம்பூ: சீரம் தினமும் போடுகிறேன், நிறுத்திவிடுகிறேன். லேசான சிவப்பும் இருக்கிறதே?

செவ்வந்தி: குறைந்துகொண்டே வந்தால் கவலையில்லை. சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.